விளையாட்டுக்காக லினக்ஸை அழித்தேன்

நான் புத்தூரில் வசிக்கிறேன். எங்கள் பழைய லேப்டாப்பில் பல வருடமாக பலர் சேர்ந்து உழைத்து இலவசமாகத் தரும் லினக்ஸ் இயங்குதளம்தான் இருந்தது. ‘எந்தக் கணினியிலும் விளையாடலாம்’ என்று, விளையாட்டைத் தன் சர்வரிலேயே ஓட்டி இணையம் வழியாகத் தரும் ஒரு கிளவுட் கேமிங் கம்பெனி செய்த விளம்பரத்தை நம்பிச் சந்தா கட்டினேன். நான் ஆசைப்பட்ட கார் பந்தய விளையாட்டு திறக்கவே இல்லை. போனில் கேட்டால், “லினக்ஸுக்கு சப்போர்ட் இல்ல சார், விண்டோஸ் போட்டுக்குங்க” என்றார்கள்.

ஆசை கண்ணை மறைத்தது. அன்றே லினக்ஸை அழித்து விண்டோஸ் போட்டேன். அதோடு, அதே லேப்டாப்பில் என் மனைவி இரண்டு வருடமாக எழுதிய ஆய்வேடும் அழிந்துபோனது.

“நீ கார் ஓட்றதுக்கு என் படிப்பு போவணுமா?” என்று அழுதாள். நல்லவேளையாக, முந்தின வாரம் அவள் தன் பேராசிரியருக்கு அனுப்பிய மெயிலில் ஒரு பிரதி இருந்தது.

திருப்பதியில் கணினி பழுதுபார்க்கும் என் நண்பர் நடந்ததைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “அந்தக் கம்பெனி சர்வரே லினக்ஸ்லதான் ஓடிக்கினு இருக்குது. அவங்களுக்கு ஓசில வோணும், உனக்குன்னா ஆவாதாம்.”

ஊரார் உழைப்பை இலவசமாக எடுத்துக்கொண்டு, அவர்களையே வாசலில் நிறுத்துகிறார்களே!

இப்போதெல்லாம் சந்தா கட்டும் முன் “லினக்ஸில் ஓடுமா?” என்று எழுதிக் கேட்கிறேன். ஓடாதென்றால், என் காசு அவர்களுக்குக் கிடையாது.