இடது பக்க இருக்கை

மிர்லானின் வண்டிக்கு இரண்டு டிரைவர்கள் என்று எங்கள் மலையூரான நாரினில் சொல்வார்கள். ஒருவன் மிர்லான். இன்னொருத்தி அவன் மனைவி புருல், ஸ்டியரிங்கைத் தொட்டே பார்க்காதவள். கேலிதான், ஆனால் பொய்யில்லை. ஜப்பானில் யாரோ ஓட்டிக் கழித்துவிட்ட பெரிய ஜீப் அது. ஸ்டியரிங் வலது பக்கம். எங்கள் ஊரிலோ வண்டிகள் சாலையின் வலது ஓரமாகத்தான் போகும். முன்னால் ஒரு நிலக்கரி லாரி மாட்டிக்கொண்டால் தீர்ந்தது, ஓட்டுகிறவனுக்கு லாரியின் முதுகைத் தவிர ஒரு மண்ணும் தெரியாது. எதிரே என்ன வருகிறது என்று இடது பக்கம் உட்கார்ந்திருப்பவர்தான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். "போங்க" என்று புருல் சொன்னால் மிர்லான் மிதிப்பான். "பொறுங்க" என்றால் பொறுப்பான். ஏன் எதற்கு என்று ஒரு கேள்வி கிடையாது.

வீட்டில் அவள் பேச்சுக்கு அவ்வளவு மரியாதை இருந்ததா என்று கேட்காதீர்கள். வண்டிக்குள் இருந்தது.

வாரம் முழுக்க அவன் வீடு வீடாக ஜன்னல் பொருத்துவான், அவள் அந்த ஜன்னல்களுக்குத் திரை தைப்பாள். கோடை வந்துவிட்டால் போதும், மகள் பெகிமையையும் சின்னவன் அதாயையும் பின்னால் ஏற்றி, கூடாரம், அடுப்பு, ரொட்டி மூட்டை எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு, பாதையே இல்லாத மலைப்பக்கம் கிளம்பிவிடுவார்கள். செல்போன் செத்துப்போகும் இடம் வந்தால்தான் மிர்லானுக்கு மூச்சே சீராக வரும். இப்படிச் சுற்றிச் சுற்றியே புருலுக்கு எல்லாம் பழகிவிட்டது. எந்தச் சேறு தாங்கும், எந்தச் சேறு விழுங்கும், எங்கே பனி உள்ளுக்குள் பொள்ளலாக இருக்கும், எல்லாம். தண்ணீரைப் பார்ப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. சலசலவென்று நுரை தள்ளினால் கீழே கல் இருக்கிறது, ஆழமில்லை, போகலாம். சத்தமே இல்லாமல் எண்ணெய் மாதிரி மினுங்கினால் அங்கே பள்ளம்.

அந்த வருஷம் மிர்லானின் அண்ணன் ஜுமாதில் வந்து சேர்ந்தார். சமவெளியில் பெரிய பண்ணையை நிர்வாகம் பண்ணி ஓய்வு பெற்றவர். ஆள் நல்லவர், வாய்தான் கொஞ்சம் நீளம். "ஏன்டா, ஆடு மேய்க்கிறவனே பனி விழுந்தா மலையை விட்டு ஓடிவரான். நீ காசு குடுத்து பெட்ரோல் போட்டுட்டு அங்க போறியா? உன் பொண்டாட்டிக்குத்தான் புத்தி வேண்டாமா?" என்று வந்த அன்றைக்கே ஆரம்பித்துவிட்டார். அப்புறம் தானும் வருவேன் என்று அடம்பிடித்தார்.

புருல் அவர் முன்னால் தலைத்துணியை இறக்கிக் கட்டிக்கொண்டு தேநீர் ஊற்றினாள். புருஷனின் அண்ணன் பேச்சை வீட்டுக்கு வந்த மருமகள் மறித்துப் பேசுவது எங்களிடம் வழக்கமில்லை. கிண்ணத்தை நீட்டினாள். அவர் கை கிண்ணத்துக்குப் பக்கத்தில் காற்றைப் பிடித்தது. பிறகு தடவிப் பிடித்துக்கொண்டு, "கிண்ணத்தை ஆட்டாதம்மா" என்றார். அவள் ஆட்டவில்லை.

காலையில் வண்டிக் கதவைத் திறந்ததும் அவர் நேராக முன்னால் போய் ஏறிக்கொண்டார். பின்னே? மூத்தவருக்கு முன் இருக்கைதான். மிர்லான் பெல்ட்டை மாட்டிவிட்டான். புருல் பின்னால் பிள்ளைகளோடு இடுங்கி உட்கார்ந்தாள். அவளுக்கு முன்னால் அவருடைய உயரமான வெள்ளைத் தொப்பிதான் தெரிந்தது. சாலை தெரியவில்லை.

ஊரைத் தாண்டியதும் ஒரு லாரி. "அண்ணே, எதிர்ல ஏதாவது வருதா?"

"ஒண்ணுமில்ல, போடா!"

மிர்லான் மிதித்தான். எதிரே மினிபஸ் ஒன்று ஹாரனை அழுத்திப் பிடித்தபடி வந்தது. லாரிக்காரன் புண்ணியத்துக்கு ஓரம் ஒதுங்கினான். இரண்டுக்கும் நடுவில் எப்படி நுழைந்து வந்தார்கள் என்று அந்த ஆண்டவனுக்குத்தான் தெரியும். பெகிமை தாயின் கையை நகம் பதிய இறுக்கினாள். முன்னால் ஜுமாதில் சிரித்தார். "பறந்து வரான் பாரு திருட்டுப்பய! நான் பாக்கறப்போ இல்லியே."

பெட்ரோல் போட நிறுத்தியபோது புருல் மிர்லானை ஒதுக்குப்புறமாக இழுத்தாள்.

"என்னங்க, மாமாவுக்குக் கண்ணு சரியில்ல."

"அவருக்கா? ஓடற நரியைக் குறி தப்பாம சுட்டவரு அவரு."

"அது எந்தக் காலத்துல? பின்னாடி காலை நீட்டி சௌகரியமா உட்காரச் சொல்லுங்களேன். நான் முன்னாடி வரேன்."

"அண்ணனைப் பின்னாடி உட்கார வெச்சிட்டுப் பொண்டாட்டியை முன்னாடி வெச்சிக்கறதா? ஊரே காறித் துப்பும். சும்மா வா, இனிமே லாரியே இல்லாத இடம்தானே."

அவன் சொன்னதும் சரிதான். அங்கிருந்து லாரி இல்லை. ஆறு இருந்தது.

தெரிஸ்-சூ பனிமலையிலிருந்து வருகிற ஆறு. காலையில் குளிரில் முடங்கிக் கிடக்கும், முழங்கால்கூட நனையாது. வெயில் ஏற ஏற மேலே பனி உருகி, மத்தியானத்துக்கு மேல் வேறு ஆறாகிவிடும். மலையேறுகிற எல்லோருக்கும் இது தெரியும். காலையில் அவர்கள் தாண்டியபோது சக்கரம் பாதிதான் நனைந்தது. மறுநாள் வீட்டில் விசேஷம் என்பதால், அக்கரையில் ஒரு மணி நேரம் இருந்துவிட்டுத் திரும்புவதாகத்தான் திட்டம்.

ஆனால் அக்கரையில் குபாத் இருந்தான். கோடைக்கு ஆடுகளோடு மேலே வந்து கூடாரம் போட்டிருப்பவன், மிர்லானுக்குத் தெரிந்தவன். வண்டியிலிருந்து வயசான பெரிய மனுஷர் இறங்குவதைப் பார்த்ததும் அவன் மந்தைக்குள் போய் ஒரு கிடாவை இழுத்து வந்தான். அவர் கை ஏந்தி ஆசி சொன்னார், அவன் அறுத்துவிட்டான். அவ்வளவுதான். விருந்தாளிக்கு என்று அறுத்த பிறகு, கறி வெந்து, தின்று, கை கழுவாமல் எழுந்திருக்க முடியாது. எழுந்தால் அந்த வீட்டையே அவமதித்ததுபோல.

கறி வேக வேகப் புருல் குபாத்தின் மனைவியோடு மாவு பிசைந்துகொண்டே காதை வெளியே வைத்திருந்தாள். முதலில் ஆற்றின் சத்தம் கேட்கவில்லை. பிறகு கேட்டது. பிறகு மற்ற சத்தங்களுக்கு மேலே அது கேட்டது.

ஆட்டுத் தலையைத் தட்டில் வைத்து ஜுமாதிலிடம் கொடுத்தார்கள். அவர் வழக்கப்படி காதை அறுத்துச் சின்னப் பையனுக்கு என்று நீட்டினார். அதாய் அவருக்கு இடது பக்கம் உட்கார்ந்திருந்தான். அவர் நீட்டியது வலது பக்கம் கிடந்த தலையணைக்கு. அதாய் எழுந்து சுற்றிப் போய் வாங்கிக்கொண்டான். எல்லோரும் பார்த்தார்கள், ஒருத்தரும் பார்த்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. குபாத் சட்டென்று மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தான்.

கிளம்பும்போது அவன், "ராத்திரி தங்கிட்டுக் காலையில போங்களேன்" என்றான்.

"நாளைக்கு எங்க வீட்டுல விசேஷம்டா. நான் இல்லாம நடக்குமா?" என்றார் ஜுமாதில்.

"அப்போ நான் குதிரையில முன்னாடி இறங்கி வழி பாத்துச் சொல்றேன்."

"குதிரைக்குப் பின்னாடி ஜீப் போறதா? நல்லாருக்குடா கதை! காலையில வந்த வழி எங்கயும் ஓடிப் போயிடல."

வழி ஓடித்தான் போயிருந்தது. கரைக்கு வந்ததும் புருல் கண்ணாடியை இறக்கிப் பார்த்தாள். தண்ணீர் கறுத்திருந்தது. அடியில் பெரிய கற்கள் உருண்டு ஒன்றோடொன்று முட்டுகிற சத்தம் கேட்டது. வலது பக்கம் நுரை. இடது பக்கம், காலையில் கூழாங்கல் தெரிந்த இடத்தில், தண்ணீர் சத்தமே இல்லாமல் மினுங்கிக்கொண்டு போனது.

"அண்ணே, இடது பக்கம் எப்படி இருக்கு?"

ஜுமாதில் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார். "தங்கமா இருக்கு. அலையே இல்ல. அந்தப் பக்கமா ஒட்டிப் போடா."

மிர்லான் உடனே நகரவில்லை. பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் அவன் கண் அவள் கண்ணைத் தேடியது. ஒரே ஒரு வார்த்தை. எத்தனையோ ஆயிரம் தடவை சொன்ன வார்த்தை. அவள் வாய் திறந்தாள். இரண்டடி முன்னால் அந்த வெள்ளைத் தொப்பி. 'நீங்கள் பார்த்தது தப்பு' என்று அந்தத் தொப்பியிடம் சொல்வதா? பிள்ளைகள் முன்னால், தம்பி முன்னால், இந்த வயதில் அவரைக் குருடர் என்று சொல்வதா?

"பிள்ளைங்களுக்கு ஒண்ணுக்கு வருதாம். இறக்கிக் கூட்டிட்டுப் போயிட்டு வந்துடறேன்" என்றாள்.

"எனக்கு வரலையேம்மா!" என்றாள் பெகிமை. புருல் அவள் தொடையில் கிள்ளி, இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு இறங்கினாள்.

பிள்ளைகளைப் பாறைக்குப் பின்னால் விட்டுவிட்டு வந்து, மிர்லானைக் கையசைத்துத் தனியாகக் கூப்பிட வேண்டும், காதோடு காதாகச் சொல்ல வேண்டும், அவன் வண்டியில் ஏதோ கோளாறு என்று சாக்குச் சொல்லட்டும், மாமாவின் முகம் கெடாமல் ராத்திரி தங்கிவிடலாம். இதுதான் அவள் போட்ட கணக்கு. பாறையைத் தாண்டுவதற்குள் எஞ்சின் சத்தம் ஏறியது.

"தண்ணி ஏறிட்டே போகுது, நாம முதல்ல தாண்டிடுவோம், பாரமும் குறைச்சல். அவங்களைக் குபாத் குதிரையில கொண்டுவந்து விடுவான்" என்று ஜுமாதில் சொன்னாராம். பிற்பாடு மிர்லான் சொல்லித்தான் தெரியும்.

"பொறுங்க! பொறுங்க!" என்று அவள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டு ஓடினாள். ஆறு அவள் குரலை எங்கே விட்டது? நடு ஆற்றில் வண்டியின் இடது சக்கரம் அந்த மினுங்கலில் இறங்கியது. வண்டி மெதுவாக, யாரோ கைத்தாங்கலாகப் படுக்க வைப்பதுபோல, இடது பக்கம் சாய்ந்தது. பிறகு புரண்டது.

குபாத் மனசு கேட்காமல் பின்னாலேயே குதிரையில் வந்திருந்தான். கயிறு வீசினான். மேலே இருந்த ஜன்னல் வழியாக மிர்லானை இழுத்துப் போட முடிந்தது. கீழே இருந்த இருக்கையில் இருந்தவரை, தண்ணீர் வடிந்த மறுநாள் காலையில்தான் எடுத்தார்கள். அவர் பெல்ட்டைத் தம்பி நன்றாகத்தான் மாட்டிவிட்டிருந்தான்.

துக்கத்துக்கு வந்த பெண்கள் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். "அந்த நேரம் பாத்து பிள்ளைங்களுக்கு முட்டிக்கிட்டு வந்துச்சே, அது அல்லா பண்ணினதுடி! நீ அதிர்ஷ்டக்காரி புருல்." அவள் தேநீர் ஊற்றிக்கொண்டே இருந்தாள். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தையை விழுங்கி ஒரு மனுஷரைக் கொன்றுவிட்டோம் என்று உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தாள். மிர்லானுக்கு இது தெரியாது என்று நினைத்திருந்தாள், தெரிந்தால் தன்னை வீட்டில் வைப்பானா என்ற பயமும் கூடவே இருந்தது.

ஏழாம் நாள் சாப்பாடு முடிந்து கூட்டம் கலைந்ததும் கொல்லைச் சுவரோரம் அவன் தனியாக உட்கார்ந்திருந்தான். அவள் கிண்ணத்தைக் கொண்டுபோய் வைத்தாள். இதற்கு மேல் தாங்காது என்று, நடந்ததைச் சொல்லிவிடத்தான் போனாள்.

"என்னங்க, அன்னிக்குப் பிள்ளைங்களுக்கு..."

"வரல" என்றான் அவன். "பெகிமை சொன்னது என் காதுல விழுந்துச்சு."

அவன் நிமிர்ந்து பார்க்காமலே தொடர்ந்தான்.

"நீ கதவைத் திறந்தப்பவே எனக்குப் புரிஞ்சு போச்சு, பொறுங்கன்னு சொல்றேன்னு."

"புரிஞ்சுமா போனீங்க?"

அவன் கிண்ணத்தைக் கையில் எடுத்தான், குடிக்கவில்லை.

"பக்கத்துல அண்ணன் இருந்தாரு. போடான்னு ரெண்டு தடவை சொல்லிட்டாரு. உங்களுக்குக் கண்ணு தெரியலண்ணேன்னு அவரு மூஞ்சிக்கு நேரா எப்படி சொல்றது புருல்? நீயே சொல்லு, எப்படி சொல்றது?"

அவள் அவனுக்குப் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தாள்.