கண்ணாடி அறையில் நாலு கல்தூண்

தென்னூரைத் தாண்டும்போதெல்லாம் பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்ப்பேன். நான் டைப்பிஸ்டாக இருந்த நெல் மண்டி ஆபீஸ் அங்கேதான். பழைய சத்திரம் அது. மண்ணச்சநல்லூர் ரைஸ்மில் முதலாளி அழகர்சாமி 1963-ல் வாங்கினார். மெட்ராஸ் மாதிரி கண்ணாடித் தடுப்பு, டியூப் லைட், சுழல் நாற்காலி எல்லாம் வேண்டும் என்றார். கூடத்து நடுவில் நின்ற நாலு கல்தூண்கள் அவர் கண்ணை உறுத்தின.

ஆபீஸுக்குக் கட்டட பிளான் போட வந்த அற்புதசாமிக்கு அவற்றை எடுக்க மனசில்லை. சர்க்கார் உத்தியோகத்தை விட்டுவிட்டுத் அவர் தனியாக எடுத்த முதல் வேலை அது.

"ஒரு மாசம் பாருங்க. சரிப்படலைன்னா தூலம் மாத்தி நானே தூணை எடுத்துடறேன். இந்தத் தொழிலையும் விட்டுடறேன்" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இப்படியா ஒரு மனுஷன் வலியப் போய் மாட்டிக்கொள்வார்?

மாட்டிக்கொண்டார். தூண்களை அப்படியே விட்டு, கண்ணாடியும் நாற்காலியும் போட்டு ஆபீஸைத் திறந்தார்கள். நெல் சாம்பிளோடு வந்த விவசாயிகள் நாற்காலியைப் பார்த்துக் கூசி, செருப்பை வாசலில் விட்டுவிட்டுத் தூணடியில் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். பவுனம்மாள் என்ற கிழவி தூணுக்குக் குங்குமமே வைத்துவிட்டாள்.

"ஆபீஸ் கேட்டா கோயில் கட்டிக் கொடுத்திருக்கீங்க" என்று முதலாளி கத்தினார்.

அற்புதசாமி ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து வந்தவர்களையே பார்த்தார். மறுநாள் அளக்கும் டேப்போடு ஸ்ரீரங்கம் கோயிலுக்குப் போனார். கழுத்தில் ஜெபமாலையோடு ஒருத்தர் வெளி மண்டபத்தில் ஜனங்கள் உட்காரும் மேடையின் உயரத்தை அளப்பதைப் பார்த்த பூக்காரி, "பெருமாளுக்கு பெஞ்சு போடப் போறீங்களா?" என்று கேட்டாளாம். அவரே சொல்லிச் சிரித்தார்.

நாற்காலிகளை ஒழித்துவிட்டு, தூணைச் சுற்றி அதே உயரத்தில் தேக்கு மேடை போட்டார். கண்ணாடித் தடுப்பைக் கை நுழையும் திறப்பு விட்டுத் தூணுக்குத் தூண் பொருத்தினார். எங்கள் மேஜைக் கால்களையும் அறுத்துத் தாழ்த்தினார். இப்போது விவசாயி உட்கார்ந்தபடியே நெல்லை நீட்டலாம், நாங்களும் உள்பக்க மேடையில் உட்கார்ந்தபடியே வாங்கலாம். கூட்டம் வந்தது. ஆனால் முதலாளி நல்லதும் சொல்லவில்லை, கெட்டதும் சொல்லவில்லை.

மாசம் முடிந்த அன்று காலையில், கடப்பாரையோடு இரண்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு அற்புதசாமி வாசலில் வந்து நின்றார். ராத்திரி தூங்காத முகம்.

முதலாளி தூணில் சாய்ந்து, காலை மடித்துப் போட்டு, யாரிடமோ பேரம் பேசிக்கொண்டிருந்தார். சுழல் நாற்காலி மூலையில் கிடந்தது.

"கடப்பாரை எதுக்குங்க?" என்றார். "அதை வெளியே போட்டுட்டு வாங்க. அந்தத் தூணு காலியாத்தான் இருக்கு, வந்து சாஞ்சுக்குங்க."