சம்மணங்கால் சங்கடம்

சாமியானா, சேர், மைக்செட் வாடகைக்கு விடுகிறவனுக்கு ஆட்களின் முகம் மறந்து போகும்; அவர்கள் உட்கார்ந்த விதம் மட்டும் மறக்காது. அரியலூரில் என் கடை. கல்யாணம், காதுகுத்து, கருமாதி என்று எல்லாவற்றுக்கும் போயிருக்கிறேன். ஆனால் மாசத்தில் ஒரு ஞாயிறு நடக்கும் சாமிப் பாட்டு முற்றோதல் மாதிரி வேறொன்று கிடையாது. ஒருவர் ஒரு வரி சொல்ல, மற்றவர்கள் அதைத் திருப்பிச் சொல்ல, காலையில் ஆரம்பித்துப் பதிகம் எல்லாம் முடிகிறபோது பொழுது சாய்ந்திருக்கும். அவ்வளவு நேரமும் தரையில், சம்மணங்கால். மைக்செட்டுக்குக் காவலாக நானும் கூடவே உட்கார வேண்டும். வீட்டில் பூஜைக்குக் கால்மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, "அய்யோ அம்மா" என்று சுவரைப் பிடித்து எழுந்திருப்பவரா நீங்கள்? வாங்க, நாமெல்லாம் ஒரே கட்சி.

நாலே நாலு சேர்

முதல் ஆர்டர் கொடுத்தவர் மாணிக்கம் சார். பெரம்பலூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஓதும் குழுவுக்கு அவர்தான் பொறுப்பு. எண்பது பேர் வருவார்களாம். ஜமுக்காளம், மைக் எல்லாம் சொல்லிவிட்டு, "சேர் நாலு போதும்" என்றார். எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. நாலு சேரை ஏற்றிக்கொண்டு போனால் ரோட்டில் பார்க்கிறவன் என்ன நினைப்பான்?

"சார், முட்டிவலிக்காரங்க வருவாங்க. ஒரு நாப்பதாவது எறக்குறேனே" என்று கெஞ்சிப் பார்த்தேன். மனுஷன் அசையவில்லை. "சேரப் பாத்தா ஒக்காருவாங்க. ஒக்காந்தா சாய்வாங்க. சாஞ்சா தூங்கிருவாங்க. அப்பறம் நீயும் நானுந்தாம்ப்பா ஓதணும்!"

ஆழ்ந்து போனவர்

ஒரு தடவை திருமழபாடி கோயில் மண்டபத்தில் நடந்தது. கருங்கல் தரை, ஜமுக்காளம் விரித்தாலும் கல் கல்தான். ஆலத்தியூரிலிருந்து செல்வராசு வந்திருந்தார். சிமெண்ட் லாரி ஓட்டுகிறவர், ஆள் நல்ல கனம். சம்மணம் போட்டு உட்கார்ந்தவர் கடைசி வரை அசையவே இல்லை. தீபாராதனைக்கு மணி அடித்ததும் எல்லாரும் எழுந்தார்கள். இவர் மட்டும் கண்ணை மூடி, பல்லைக் கடித்து, அப்படியே இருந்தார். கண்ணோரம் தண்ணீர் வேறு.

"பாருடி, எப்புடி உருகிப் போயிட்டாரு" என்று பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒரு அம்மா அவர் நெற்றியில் விபூதி பூசி, காலைத் தொட்டுக் கும்பிடப் போனது. காலைத் தொட்டதுதான் தாமதம், ஆள் அலறிவிட்டார். நான் ஓடிப்போய்க் குனிந்தேன். என் காதோடு சொன்னார்: "உருகவும் இல்ல ஒண்ணும் இல்லண்ணே, காலு ரெண்டும் மரத்துப் போச்சு. யாருக்கும் தெரியாம தூக்கி வுடுங்க!"

இதில் எனக்குப் பிடித்தது என்ன தெரியுமா? அடுத்த மாசமும் வந்தார். அதே இடத்தில், அதே சம்மணங்கால்.

கால் நீட்டும் திசை

சாமி பக்கம் கால் நீட்டக் கூடாது. முன்னால் ஓதுகிறவர் பக்கமும் நீட்டக் கூடாது. அடுத்தவர் மேல் படக் கூடாது. அப்படியானால் மண்டபத்தில் மிச்சம் இருப்பது என் ஆம்ப்ளிஃபயர் மூலை மட்டும்தான். ஒவ்வொருவராகத் தண்ணீர் குடிக்கிற சாக்கில் அங்கே வருவார்கள். சுவரோரம் உட்கார்ந்து, மெதுவாக ஒரு காலை நீட்டி, பிறகு இன்னொன்றையும் நீட்டி, புடவையால் மூடிக்கொண்டு ஓதுவார்கள். வாய் மட்டும் ஒரு வரிகூட விடாது. என்ன பயிற்சியோ!

ஒரு நாள் வரிசையாகப் பத்துக் கால் என்னைப் பார்த்து நீண்டிருந்தது. எனக்கு மூக்குமேல் கோபம். "ஏங்க, நானும் மனுஷன்தானே?" என்றேன். பூக்கடை வைத்திருக்கும் மல்லிகா காலை மடக்காமலே சொன்னது: "கோச்சுக்காதீங்கண்ணே, சாமி கோச்சுக்கிட்டா யாரு சமாதானம் பண்றது? நீங்கன்னா ஒரு டீயில சரியாப் போயிடுவீங்க!"

மணையை விட்டுக் கொடுக்க வந்தவர்

முன்னால் ஓதுகிறவர் தனலட்சுமி அக்கா. சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை. அந்தக் குரலுக்கு மைக்கே தேவையில்லை. நான் கூலிக்காக வைப்பதுதான். சாமி படத்துக்கு நேர் எதிரே ஒரு மணையில் உட்கார்ந்து வரியை எடுத்துக் கொடுத்தால், எண்பது பேரும் கன்றுக்குட்டி மாதிரி பின்னாலேயே போவார்கள்.

அவர் முட்டி தேய்ந்துவிட்டது. இனிமேல் தரையில் உட்காரவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அரியலூரில் ஒரு மண்டபத்தில் ஓதல் நடந்த அன்று, மணையை வேறொருத்தரிடம் கொடுத்துவிட்டுப் போகத்தான் வந்திருந்தார். "சேர்ல ஒக்காந்து ஓதுங்கக்கா" என்றோம். மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டார். சாமி படம் தரையோடு ஒரு பலகையில் இருக்கிறது. அதைவிட உசரத்தில் ஓதுகிறவர் உட்காரலாமா? அக்கா மணையைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே இருந்தார். அந்தக் குரல் இல்லாத ஞாயிற்றுக்கிழமையை நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

லாரிக்காரர் செல்வராசுதான் வாயைத் திறந்தார். "அக்காவ எறக்குறதப் பத்தியே பேசுறீங்களே, சாமிய ஏத்துனா என்ன?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் வண்டியில் உயரமான மேசை இருந்தது. ஆனால் முந்தின நாள் அது ஒரு வளைகாப்பில் பிரியாணி அண்டா தாங்கிய மேசை. மறைக்க மனசு வரவில்லை. சொல்லிவிட்டேன்.

மல்லிகா எழுந்து புடவையை இழுத்துச் செருகியது. ஒரு வாளி மஞ்சள் தண்ணீர் வந்தது. நாலு பெண்கள் மேசையைக் கால் முதல் தலை வரை தேய்த்துக் கழுவினார்கள். கோலம் போட்டார்கள், வெள்ளைத் துணி விரித்தார்கள். படத்தையும் விளக்கையும் மேலே ஏற்றினார்கள். தரையில் இருந்தவர்கள் எல்லாரும் கழுத்தை நிமிர்த்திப் பார்த்தார்கள். சேரைத் தூக்கிக்கொண்டு வந்து எதிரே போட்டது யார் என்கிறீர்கள்? மாணிக்கம் சார்! வேட்டியால் அதைத் துடைத்தும் விட்டார்.

அக்கா கூச்சத்தோடு நுனியில் உட்கார்ந்தார். முதல் வரி கொஞ்சம் நடுங்கியது. அப்புறம் பாருங்கள், அந்த மண்டபத்து ஓடு அதிர்ந்தது. நான் ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு நானும் சேர்ந்து ஓதினேன். சாயங்காலம் முடிந்து எல்லாரும் பிரசாதம் வாங்கப் போனபோது, அக்கா சேரிலேயே இருந்தார். முகமெல்லாம் ஈரம். "ரொம்ப வலிக்குதாக்கா?" என்று பதறிப் போய்க் கேட்டேன்.

"இல்ல தம்பி. இத்தினி வருசமா ஓதுறேன், பாட்டுல என்ன சொல்லியிருக்குன்னு இன்னிக்குத்தான் காதுல வுழுந்துச்சு. இம்புட்டு நாளும் முட்டி பேசுனதுதான் கேட்டுக்கிட்டு இருந்துச்சு!"

எத்தனையோ மேடை கட்டிப் பிரித்த நான் கண்டது இவ்வளவுதான்: மனுஷன் உடம்பில் சாமி முன்னாலும் பொய் சொல்லத் தெரியாத உறுப்பு முழங்கால் ஒன்றுதான்.