வரிசையில் நின்ற சுமப்பான்

டோல்கேட் பகுதியில் செல்போன் கடை வைத்திருக்கும் தப்ரேஸ், ஞாயிறு மதியமானால் கடைக்கு மேலேயுள்ள அறையில்தான் இருப்பான். உடைந்த போனோடு அவனைத் தேடிப் படியேறி வந்தவர்தான் கோதண்டம். எண்ணூருக்கும் ராயபுரத்துக்கும் இடையே கன்டெய்னர் ட்ரெய்லர் ஓட்டியே தலை நரைத்தவர். மேசையில் பரப்பியிருந்த வரைபடத்தையும் பகடைகளையும் பார்த்துவிட்டு, “இன்னாம்மா இது, தாயமா?” என்று கேட்டார்.

தாயமில்லை என்றாள், ஜெமிமாவோடு மேசையருகே உட்கார்ந்திருந்த யசோதரா. கணினி வலைக்குள் ஓர் உலகம். அதைக் கற்பனை செய்து எழுதியவள் அவள்தான். அங்கே நடப்பதை அவள் சொல்வாள். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, தாங்கள் செய்வதைச் சொல்வார்கள். பலிக்குமா என்பது பகடையின் கையில். பாத்திரங்களுக்கென்று ஐந்து வார்ப்புகள் வைத்திருந்தாள். ஊடுருவி, உளவாளி, போராளி, மருத்துவன், சுமப்பான். சுமப்பானை அதுவரை யாரும் சீண்டியதில்லை. அவனுக்கு ஆயுதமும் இல்லை, வித்தையும் இல்லை. ஒப்படைத்ததைக் கொண்டுபோய்ச் சேர்ப்பான், அவ்வளவுதான்.

“அத்த நா எடுத்துக்கிறேன்,” என்றார் கோதண்டம்.

“மாமு, அது டம்மி பீஸு,” என்றான் தப்ரேஸ்.

“நா மட்டும் இன்னா, பெரிய பீஸா?”

விம்கோ நகர்ப் பள்ளியொன்றில் கணக்கு டீச்சராக இருக்கும் யசோதரா யாரையும் எளிதில் மெச்சுகிறவள் அல்ல. வார்ப்பைத் தேர்ந்தெடுக்கும்போது மனிதன் தன்னிடம் இல்லாததைத்தான் எடுக்கிறான் என்பது அவளுடைய எண்ணம். பொய் சொன்னால் காது சிவந்துவிடும் தப்ரேஸ் உளவாளியானான். அப்பாவின் அரிசி மண்டியில் கல்லாவைத் தாண்டி அடியெடுத்து வைக்க முடியாத ஜெமிமா, எந்தப் பூட்டையும் உடைக்கும் ஊடுருவியானாள். கோதண்டம் மட்டும், வாரமெல்லாம் செய்வதையே ஞாயிற்றுக்கிழமையும் செய்யக் கேட்டார். கற்பனை போதாத மனிதர் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள்.

ஆட்டம் ஒரு வருடம் ஓடியது. அழித்தொழிக்கப்பட்ட ஓர் ஊரின் நினைவுகள் மொத்தமும் சுமப்பானின் முதுகில் இருந்தன. வலையின் கடைசிக் கதவுக்குள் அவற்றைச் சேர்த்துவிட்டால் ஊர் பிழைக்கும். தவறினால் ஊரும் போய்விடும், சுமப்பானும் அழிந்துபோவான். கோதண்டத்துக்கு இது விளையாட்டாக இல்லை. வாராவாரம் வந்து உட்கார்ந்ததும், “நம்ம ஊரு பத்திரமா கீதுல்லம்மா?” என்பார். கீது என்று சொன்ன பிறகுதான் டீயைத் தொடுவார்.

கடைசி ஞாயிறு வந்தது. கதவு திறந்திருந்தது. உள்ளே போக வேண்டிய தகவல்கள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்தன. சுமப்பானுக்கு நேர் முன்னால், வரிசையின் குறுக்கே ஒருவன் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். அவனுக்கு முன்னே இடம் காலியாகிக்கொண்டே போயிற்று.

உளவாளி பகடையை உருட்டினான். பலித்தது. யசோதரா உண்மையைச் சொன்னாள்: தூங்குகிறவன்தான் கதவின் காவலன். விழித்தால் சுமையை எரித்துவிடுவான். ஓசைப்படாமல் அவனைத் தாண்டிப் போகப் பக்கத்தில் வழி இருக்கிறது.

“வா மாமு, சைடுல பூந்துடலாம்,” என்றான் தப்ரேஸ்.

கோதண்டம் அசையவில்லை. “நா அவன எழுப்புறேன்.”

“அண்ணே! அவன் எந்திரிச்சா ஊரே போயிரும்ணே,” என்று ஜெமிமா பதறினாள்.

“லைன்ல தூங்குறவன எழுப்பணும்மா. எண்ணூரு ரோட்ல நாள் பூரா வண்டி நிக்கும். முன்னாடிக்காரன் அசந்துருவான். லைன் நவுந்துச்சுன்னா பின்னாடி கீறவன் எறங்கிப் போய்க் கதவத் தட்டுவான். தாண்டிக்கினு போனவன் மூஞ்சில அப்புறம் எவனும் முழிக்க மாட்டான்.”

“யோவ், இது கேமுயா! அவன் டிரைவரு இல்ல, காவலன்!” என்றான் தப்ரேஸ்.

“யாரா இருந்தா இன்னா? லைன்லதானே கீறான்.”

“யோசிச்சுச் சொல்லுங்க,” என்றாள் யசோதரா. “ஊர் உங்க முதுகுல இருக்கு.”

அவர் கண் கலங்கியிருந்தது. “அந்த ஊர்க்காரங்களக் கேட்டாலும் எழுப்புன்னுதான் சொல்லுவாங்க,” என்று சொல்லிவிட்டு மேசையை மெல்ல இரண்டு தட்டுத் தட்டினார். “நைனா, எந்திரி. லைன் நவுந்துடுச்சு. ஒன் எடம் காலியா கீது பாரு.”

இனிப் பேச வேண்டியவன் காவலன். அதாவது யசோதரா. தாக்கினால் என்ன செய்வான், ஏய்த்தால் என்ன செய்வான் என்றெல்லாம் அவனுக்கு எழுதி வைத்திருந்தாள். எரிப்பதற்கும் ஒரு சொல் வைத்திருந்தாள். அந்தச் சொல் வாயில் வரவில்லை. அவனுடைய இடம் அவனுக்குக் கிடைக்க வேண்டும் என்பதற்காக ஒருவன் அவனை எழுப்புவான் என்று அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை. அவனுக்கு ஓர் இடம் உண்டென்பதையே நினைத்ததில்லை.

“எனக்கா இடம்?” என்றான் காவலன்.

“பின்ன? போப்பா. நா ஒன் பின்னால வரேன்.”

காவலன் எழுந்தான். காலியாயிருந்த இடத்தைப் பார்த்தான். நடந்தான். கதவுக்குள் போனான்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சுமையை எரிக்கவும் அந்தக் கதவை மூடவும் இருந்தவன் அவன் ஒருவன்தான். அவனே உள்ளே போய்விட்டான்; இனித் தடுக்க ஆளில்லை. தன் விதிகள் ஒவ்வொன்றையும் மனத்துக்குள் புரட்டினாள். எதுவும் குறுக்கே நிற்கவில்லை. அவள் கட்டிய உலகம், அவளைக் கேட்காமலேயே திறந்து கிடந்தது.

“ஊர் உள்ளே போய்ச் சேர்ந்தது,” என்றாள்.

ஜெமிமா வாயைப் பொத்திக்கொண்டாள். “மாமு, நீ ஆளே வேற,” என்றான் தப்ரேஸ், கும்பிடாத குறையாக.

கோதண்டம் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு ஒரே ஒரு சந்தேகம் பாக்கியிருந்தது.

“சரக்கு எறக்குனதுக்கு யாராச்சும் கையெழுத்து போடணுமே. யாரும்மா போடுவாங்க?”

யசோதரா, சுமப்பானுக்காக எழுதி வைத்திருந்த பாத்திரத் தாளை இழுத்து அதில் கையெழுத்திட்டாள்.