கோல் கம்பத்துக்குப் பின்னால் நிற்காதீர்கள்

நெய்யாற்றின்கரைக்குப் பந்தாட்டம் பார்க்கப் போய்வந்த விவரத்தை நம் வாசகசாலைப் பத்திரிகைக்கு எழுதித் தரும்படி கேட்டார்கள். அடுத்த ஆட்டத்துக்கு இன்னும் சில பெண்கள் போக இருக்கிறார்களாம், அவர்களுக்கு உதவுமாம். போய்வந்து நாலு நாளாகியும் எனக்குப் படபடப்பு அடங்கவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன், பகவான் மன்னிக்கட்டும்.

போனது கும்ப மாதம் (மாசி) முதல் ஞாயிறு. எங்கள் ஊர் அணியின் கோலி, அதாவது கோலில் நின்று பந்தைத் தடுக்கிறவன், என் அண்ணன் மகன் செல்லப்பன். பாறசாலையில் தையல் கடை வைத்திருக்கிறான். எங்கள் பக்கத்தைத் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்கும் எல்லைக் கிளர்ச்சி தொடங்கியதிலிருந்து பந்தாட்டத்திலும் தமிழ், மலையாளம் என்று கட்சி வந்துவிட்டது. வீட்டில் இரண்டையும் கலந்து பேசுகிற பிள்ளைகளுக்கு, களத்தில் தமிழைத் தவிர வேறு வார்த்தை வரக்கூடாது என்று கேப்டன் ராஜமணி கட்டளை போட்டிருந்தான். எதிரணி நெய்யாற்றின்கரைக்காரர்கள் பக்கம் மலையாளம் மட்டும்தானாம். செல்லப்பனுக்கு இது நல்ல வசதி. "தமிழ்ல சத்தம் வந்தா நம்ம ஆளாக்கும் அத்தை. திரும்பிப் பாக்கண்டாம்" என்பான்.

வீட்டிலிருந்து பாறசாலைச் சந்திக்கு ஒரு மைல் நடை. ஏழரை மணி பஸ் பிடித்தேன். நெய்யாற்றின்கரைக்கு ஆறு மைல், மூன்றணா, முக்கால் மணி நேரம். காலையில் போகிறவர்கள் இடது பக்கம் உட்காருங்கள், வெயில் படாது. உதியங்குளங்கரையில் ஆள் ஏற்றப் பத்து நிமிடம் நிறுத்துவார்கள், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

"எவிடேக்கா அம்மச்சீ?" என்றான் கண்டக்டர்.

"கிருஷ்ணன் கோயிலுக்கு. பெறவு பந்துகளி உண்டு, அதையும் பாக்கணும்."

"பாறசாலக்காரா? அப்போ தோற்கான் போகுகயாணு!"

தோற்கத்தான் போகிறோமாம்! "ஒனக்கு வாயில வசம்ப வச்சுத் தேய்க்கணும்" என்றேன். பஸ்ஸே சிரித்தது.

கோயில் நடை பதினொன்றுக்குச் சாத்துவார்கள், அதற்குள் போய்விடுங்கள். கண்ணனுக்கு வெண்ணெய் வைத்துத் தொழுதேன். ஜெயிக்க வேண்டும் என்று கேட்கவில்லை, அது பேராசை. பந்து எங்கள் பிள்ளை கைக்கு எட்டுகிற இடத்தில் வந்தால் போதும் என்று கேட்டேன். ஆற்றங்கரை நிழலில் பொதிச்சோற்றைத் தின்றுவிட்டு, கால் மைல் தெற்கே அறுப்பு முடிந்த வயலுக்கு நடந்தேன். அதுதான் களம்.

ஆட்டம் நாலு மணிக்கு. பக்கவாட்டில் ஆண்கள் கூட்டம் நெருக்கியடித்தது. அதனால் நான் செல்லப்பனுக்குப் பின்னால், பத்தடி தள்ளி நின்றுகொண்டேன். கோல் என்றால் இரண்டு கமுகுத்தடி, மேலே ஒரு கயிறு, அவ்வளவுதான். இடைவேளையில் அணிகள் பக்கம் மாறியதும் நானும் வரப்பு வழியாகச் சுற்றி அவன் பின்னாலேயே போய் நின்றேன்.

ஒன்றுக்கு ஒன்று. இன்னும் ஐந்து நிமிடம். அவர்கள் பக்கத்து நெட்டையன் ஒருவன் தூரத்திலிருந்து ஓங்கி அடித்தான். பந்து வலது தடிக்கு வெளியே போவதாகத்தான் என் கண்ணுக்குத் தெரிந்தது. பின்னாலிருந்து கோணலாகப் பார்த்தால் அப்படித்தான் தெரியுமாம், பிறகு சொன்னார்கள். செல்லப்பன் பாயப் போனான். எனக்கோ ஆணுக்குள்ள மாதிரிக் கட்டைத் தொண்டை.

"விடு மக்கா! வெளிய போவுது!"

அவன் நீட்டிய கையை இழுத்துக்கொண்டான். பந்து தடியின் உள்பக்கம் உரசி, கோட்டைத் தாண்டி, என் காலடியில் வந்து நின்றது. கேட்டபடியே கைக்கு எட்டுகிற இடத்தில்தான் கண்ணன் அனுப்பியிருந்தான்.

பந்தை எடுக்கக் குனிந்தேன். அதற்குள் ராஜமணி ஓடி வந்தான். "எவம்லே தமிழ்ல விளிச்சு ஏமாத்துனது?"

"ஞங்ஙளல்ல!" என்றான் நெட்டையன்.

"நீதாம்லே! ஒங்க ஆச்சியும் தமிழ்தானலே!"

சட்டையைப் பிடித்தார்கள். யாரோ ஒருவன் கமுகுத்தடியைப் பிடுங்கினான். அந்தத் தடி யார் மண்டையில் விழப்போகிறதோ என்று பதறி நான் களத்துக்குள் போனேன்.

"எலே, நானாக்கும் விளிச்சது."

"அத்தை, சும்ம இரிங்க. அவனுவளக் காப்பாத்தண்டாம்" என்றான் ராஜமணி.

ஒருவரும் நம்பவில்லை. வேறு வழி தெரியாமல், அதே தொண்டையில் இன்னொரு தடவை கத்திக் காட்டினேன். "விடு மக்கா! வெளிய போவுது!"

செல்லப்பன் வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தான். பிறகு நெட்டையன்தான் முதலில் சிரித்தான். "அம்மச்சி ஞங்ஙடெ ஆளாணே!" நான் அவர்கள் ஆளாம்! இரண்டு பக்கமும் சிரிப்பு வெடித்தது. தடி பழைய குழிக்கே போயிற்று. எங்களுக்குத் தோல்வி, ஒன்றுக்கு இரண்டு.

போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். திரும்ப வர கடைசி பஸ் ஆறே முக்காலுக்கு, தவறவிட்டால் நடைதான். ஆட்டத்தை நடுக்கோட்டுப் பக்கம் நின்று பாருங்கள், கூட்டம் நெருக்கினாலும் பரவாயில்லை.

பஸ்ஸில் செல்லப்பன் முன்னால் போய் உட்கார்ந்தான். சந்தியிலிருந்து வீடு வரைக்கும் பத்தடி முன்னாலேயே நடந்தான். படி ஏறும்போது, "இனி நான் வரல்ல மக்கா" என்றேன்.

"வாங்க அத்தை. விளிக்கவும் செய்யுங்க. மலையாளத்தில விளிச்சாப் போதும், நான் கேக்கமாட்டேன்" என்றான். சிரித்துச் சொன்னானா, வெறுத்துச் சொன்னானா, இருட்டில் முகம் தெரியவில்லை.

மலையாளம் எனக்குத் தெரியாத பாஷையா? சந்தையில் பேசுகிறேன், கோயிலில் பேசுகிறேன். ஆனால் பதறினால் என் வாயில் வருவது தமிழ். அடுத்த ஆட்டம் இரண்டு வாரத்தில். நான் போகலாமா, கூடாதா?