கொக்கிப்புழுவும் என் செருப்பும்

"மலையிலேர்ந்து வந்த பொண்ணா? மெட்ராஸ் குடிசைங்கள்ல ஒரு வாரம் தாங்குவாளா?" என்று கேட்டார் பயிற்சி மேற்பார்வையாளர் அம்மா. என்னை அல்ல, என் விண்ணப்பத்தை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஜவ்வாது மலையிலிருந்து ஆலங்காயம்வரை நடந்தே இறங்கி, அங்கிருந்து மூன்று பஸ் மாறி வந்தவள். ஒரு வாரம் எனக்கு எம்மாத்திரம்? ஆனால் எதிரே நின்றது சுகாதார ஊழியர் பயிற்சியின் கடைசித் தேர்வு. ஒரு தெருவில் கொக்கிப்புழுவைப் பற்றிப் பேச வேண்டும், அங்குள்ள கர்ப்பிணிகளைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். தேறாவிட்டால் வேலை இல்லை. அதே மூன்று பஸ், அதே மலை, "அப்பவே சொன்னோமே" என்று காத்திருக்கும் சொந்தக்காரர்கள்.

எனக்குக் கிடைத்தது கூவத்தின் ஓரத்துத் தெரு. யாரும் வர மாட்டேன் என்றதால் அங்கே ஊழியர் இடம் ரொம்ப நாளாகக் காலி.

குழாயடியில் பெண்கள் கூடியிருந்தார்கள். மேற்பார்வையாளர் குடையோடு பின்னால் வந்து நின்றார். நான் ஒப்பித்தேன்: "மண்ணுல வெறுங்காலோட நடக்காதீங்க. கொக்கிப்புழு கால் வழியா உள்ள ஏறிடும். செருப்பு போடுங்க."

இடுப்பில் குடத்தோடு நின்ற ஒருத்தி என் காலைப் பார்த்தாள். "இன்னா டீச்சர், உங்களைப் பார்த்தா மட்டும் புழு சலாம் போட்டுட்டு ஒதுங்கிக்குமா?"

குனிந்து பார்த்தேன். வெறுங்கால். எங்கள் மலையில் ஊர் எல்லையிலேயே செருப்பைக் கழற்றிவிடுவோம். செருப்போடு ஊருக்குள் நடந்தால் சாமிக்கு ஆகாது. தார் ரோட்டில் மறந்திருந்த பழக்கம், மண் தெருவையும் குடிசைகளையும் கண்டதும் திரும்பியிருக்கிறது. செருப்பைத் தெருமுனையில் ஒழுங்காக ஜோடி சேர்த்து வைத்துவிட்டு வந்திருக்கிறேன். எங்கள் சாமி கூவத்துக்குக் குடிவந்ததாகத் தகவல் ஏதும் இல்லை.

"எங்க ஊர்ல எல்லையிலயே கழட்டிடுவோங்க. அதே நெனப்புல முனையில வுட்டுட்டேன்" என்றேன்.

குழாயடியே சிரித்தது. "முனையிலயா? அது இந்நேரம் பஸ் ஏறி சைதாப்பேட்டை தாண்டியிருக்கும்மே!" என்றாள் குடத்துக்காரி.

போய்ப் பார்த்தோம். தாண்டித்தான் இருந்தது. குடத்துக்காரி விடவில்லை. "டீச்சர் செருப்பை எவ எடுத்தது?" என்று வீடு வீடாகக் கதவைத் தட்டினாள். அவள் திறக்கவைத்த கதவில் எல்லாம் நான் பதிவேட்டோடு நின்றேன். "செருப்பு இல்லியா? சரி வுடுங்க. உங்களுக்கு இது எத்தினி மாசம்?"

சாயங்காலத்துக்குள் தெருவே பதிவேட்டில் ஏறிவிட்டது. செருப்பு மட்டும் கிடைக்கவில்லை.

"பேச்சுக்கு முட்டைதான் போடணும்" என்றார் மேற்பார்வையாளர். பதிவேட்டை இன்னொரு முறை புரட்டினார். தேர்ச்சி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

எந்தப் பகுதி வேண்டும் என்று படிவம் கொடுத்தபோது, கூடப் படித்தவர்கள் மயிலாப்பூர், அடையாறு என்று எழுதினார்கள். நான் அந்தக் கூவத்துத் தெருவை எழுதி, அன்றைக்கே கொடுத்துவிட்டேன். திரும்பும் வழியில், சட்டென்று கழற்ற முடியாதபடி பக்கிள் வைத்த செருப்பாகப் பார்த்து வாங்கிக்கொண்டேன்.