செயின் லாக்கைத் திருப்பி மாட்டியவர்

குருசாமி அண்ணாச்சி போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் அச்சகத்தில் கட்டிங் மிஷின் முன்னால் நின்றிருந்தேன். தீபாவளி முடிந்து காலண்டர் லோடு ஏறிக்கொண்டிருந்த நேரம். மாரிக்கனிதான் போன் செய்தான். வழக்கமாக எடுத்ததும் நாலு வசவு வைத்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவான். அன்றைக்கு வசவு இல்லை. "ஏலே, அண்ணாச்சி போயிட்டாகலே. காலையில பல்லு வெளக்கப் போனவுக அங்கனயே உக்காந்துட்டாக" என்றான்.

நல்ல மனிதனாக இருந்தால் மிஷினை நிறுத்திவிட்டுக் கண்ணைத் துடைத்திருப்பான். நான் போனை எடுத்து, ஆறு மாதத்துக்கு முன் நம்முடைய ரேஸ் வாட்ஸ்அப் குரூப்பில் நான் போட்ட செய்தி ஒன்றைத் தேடினேன். அது அப்படியே இருந்தது. மேலே என் பெயர், கீழே உங்களில் பாதிப் பேர் போட்ட கைதட்டல். அழித்துவிடலாம் என்று பார்த்தால் முடியவில்லை. வீட்டுக்கு வந்து மகளிடம் காட்டினேன். "இம்புட்டு நாள் ஆயிருச்சுல்லப்பா. இனிமே உங்க போன்ல மட்டுந்தான் அழியும். மத்தவங்ககிட்ட அப்படியேதான் இருக்கும்" என்றாள். பத்தாம் வகுப்பை இரண்டு முறை எழுதியும் கரையேறாத எனக்கு அது ஒன்று மட்டும் உடனே விளங்கியது. ஆகவே அழிக்க முடியாததற்குக் கீழே இதை எழுதுகிறேன்.

அண்ணாச்சியின் ஒர்க்‌ஷாப் நாரணாபுரம் ரோட்டில் இருந்ததும், பின்னாலேயே அவர் வீடு இருந்ததும் உங்களுக்குத் தெரியும். நான் முதலில் அங்கே போனது என் பழைய மொபெட்டோடு. மேடு ஏற மாட்டேன் என்கிறது என்றேன். ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "வண்டி நல்லாத்தான் இருக்கு. நீங்க எறங்கிட்டா ஏறிரும்" என்றார். அப்போது நான் என்ன எடை என்பதை இங்கே சொல்ல வேண்டியதில்லை. மறுவாரமே நான் 'ஏலே' ஆகிவிட்டேன். 'நீங்க' என்பது வாடிக்கையாளருக்கு மட்டும்.

ஒர்க்‌ஷாப் வாசலில் ஒரு செம்புத் தகடு அடித்து, அதிலிருந்து மண்ணுக்குள் கம்பி இறக்கியிருந்தார். இளவயதில் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் அறையில் வேலை பார்த்தவர் அவர். அங்கே உள்ளே போகுமுன் தகட்டைத் தொட்டு உடம்பில் இருக்கிற கரண்டை இறக்கிவிட்டுத்தான் போக வேண்டும். அந்த வேலையை விட்டு எத்தனையோ காலம் ஆகியும் பழக்கம் விடவில்லை. வண்டி விட வருகிற வக்கீலானாலும் சரி, பஞ்சர் பார்க்க வருகிற நானானாலும் சரி, "தொட்டுட்டு வாங்க" என்பார். பெட்ரோல் டேங்க் பக்கத்தில் பொறி பறக்கும் என்று இரும்புச் சுத்தியல் எடுக்கமாட்டார், பித்தளைதான். பீடி குடிப்பவர்களுக்கு ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு வேப்பமரத்தை ஒதுக்கியிருந்தார். மாரிக்கனி தன் வாழ்க்கையில் பாதியை அந்த மரத்தடியில்தான் கழித்தான்.

ரேஸைப் பற்றி நாமெல்லாம் தொண்டை கிழியப் பேசுவோம். சென்னைக்கு வெளியே பழைய விமான ஓடுபாதையில் அந்தக் காலத்தில் நடந்த பைக் பந்தயங்களில், சிவப்பு வண்டிக்காரர் பெரியவரா நீல வண்டிக்காரர் பெரியவரா என்று. நான் சிவப்புக் கட்சி. நான் அந்த ஓடுபாதையைக் கண்ணால் பார்த்ததில்லை. சிவப்பு வண்டிக்காரரின் படம் போட்ட காலண்டரை ஒரு வருடம் எங்கள் அச்சகத்தில் நறுக்கினேன், அதுதான் எனக்கும் அவருக்கும் உள்ள உறவு. அண்ணாச்சி எந்தக் கட்சியும் இல்லை. "நானும் போயிருக்கேன்லே. ஸ்பேனர் எடுத்துக் குடுத்திருக்கேன்" என்பார். அவ்வளவுதான். யாருக்கு, எந்த வருடம் என்று நாங்களும் கேட்டதில்லை. கேட்டால் நாங்கள் பேசுவது நின்றுபோகுமே.

பிறகு அந்தப் படம் வந்தது. அதன் பெயரை எழுத எனக்கு மனமில்லை. சிவப்புக்கும் நீலத்துக்கும் இருந்த போட்டிதான் கதை என்றார்கள். முதல் நாள் பகல் காட்சிக்கு இருபத்தைந்து பேர் போனோம். எனக்கும் மாரிக்கனிக்கும் நடுவில் அண்ணாச்சியை உட்கார வைத்தோம்.

முதல் பத்து நிமிடத்திலேயே தியேட்டர் முகத்தைச் சுளித்தது. காட்டுவது டூ-ஸ்ட்ரோக் வண்டி, கேட்பது புல்லட் சத்தம். ஐந்து கியர் வண்டியில் கதாநாயகன் ஒரே நேர்ரோட்டில் பதினோரு தடவை கியர் மாற்றினான். வளைவில் இரண்டு பேரும் தலையைத் திருப்பி ஒருவரை ஒருவர் முறைத்து, வசனம் பேசினார்கள். "ஏலே, ஹெல்மெட்டுக்குள்ள பேசுறது அவனுக்கு எப்படிலே கேக்கும், காதுல மிஷின் மாட்டியிருக்கானா" என்று மாரிக்கனி கத்தினான். பின்வரிசையில் ஒருவர் எழுந்து, டிக்கெட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, போகாமல் திரும்ப உட்கார்ந்தார். அருவருப்பாகத்தான் இருந்தது. ஆனால் அந்த அருவருப்பில் ஒரு ருசியும் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

இடைவேளைக்கு முன்னால் சிவப்பு வண்டியின் மெக்கானிக் வந்தான். சிவகாசிக்காரன் என்று ஒரு வசனத்தில் சொல்லிவிட்டார்கள். வாயில் பீடி. கையில் திறந்த பெட்ரோல் டின். தியேட்டர் முழுக்க ஒரே கூச்சல். தீக்குச்சிக்கும் பட்டாசுக்கும் நடுவே பிறந்து வளர்ந்த ஊர். இதைவிட ஒரு பெரிய வசவை எங்கள் மேல் யாரும் வைத்ததில்லை. "அந்தப் பீடிய அணைக்கச் சொல்லுங்கலே" என்று அண்ணாச்சி மெதுவாகச் சொன்னார். நான் சிரித்தேன்.

அடுத்த காட்சியில் நீல வண்டிக்காரர் இருட்டில் வந்து அந்த மெக்கானிக் கையில் ஒரு கவரைத் திணிக்கிறார். மெக்கானிக் சிவப்பு வண்டியின் செயினை அரத்தால் அறுத்து வைக்கிறான். கடைசிச் சுற்றில் செயின் அறுந்து, சிவப்பு வண்டி உருண்டு, கோப்பை போகிறது. பிற்பாதியில் கதாநாயகன் அந்த மெக்கானிக்கைத் தேடிப் பிடித்து அறைந்தபோது நான் எழுந்து நின்று விசில் அடித்தேன். கையில் இருந்த காபிக் கப்பைத் திரையைப் பார்த்து எறிந்தேன். அது திரைக்குப் போகவில்லை, முன்வரிசையில் ஒரு வழுக்கைத் தலையில் விழுந்தது. அந்த மனிதர் திரும்பவில்லை. அவரும் விசில் அடித்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சி மட்டும் உட்கார்ந்தபடியே, வேட்டி நுனியால் தன் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதில் கிரீஸ் ஒன்றும் இல்லை.

அன்று சாயங்காலம் குரூப் பற்றி எரிந்தது. சத்தம் தப்பு, கியர் தப்பு, டயர் தப்பு என்று ஒருபக்கம். கோப்பையைத் திருடிய கும்பல் என்று சிவப்புக் கட்சி, பேரைக் கெடுத்துவிட்டார்கள் என்று நீலக் கட்சி. நான் இப்படி எழுதினேன், எழுத்துப்பிழையை மட்டும் மகள் திருத்தினாள்: "படம் குப்பை. ஆனால் அந்த மெக்கானிக் விஷயம் உண்மையாகத்தான் இருக்கும். அவன் இப்போது உயிரோடு இருந்தால் அந்தச் செயினாலேயே கட்டி வைத்து அடிக்க வேண்டும். ஊர்ப் பேரைக் கெடுத்த நாய்." கைதட்டல் கைதட்டலாக விழுந்தது. பள்ளிக்கூடத்தில் கட்டுரைக்கு எனக்கு யாரும் அவ்வளவு கைதட்டியதில்லை. அந்தக் குரூப்பில் அண்ணாச்சியும் இருந்தார்.

இரண்டு நாள் கழித்து என் வண்டியில் செயின் இளகி, ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே போனேன். அவர் செயினைக் கழற்றி, சேர்த்து, இரண்டு முனையையும் கடைசியாகப் பூட்டுகிற, ஒரு பக்கம் வாய் திறந்த சின்ன லாக் ஒன்றைப் புதிதாக எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "நீயே மாட்டுலே" என்றார். மாட்டினேன்.

"வாய் எந்தப் பக்கம் பாக்குது?"

"முன்னால."

"பின்னால பாக்கணும். வண்டி ஓடுற பக்கம் வாய வச்சா, ஏதாவது தட்டித் தெறிச்சிரும்." அவரே அதைக் கழற்றித் திருப்பினார். "நானும் உன்ன மாதிரித்தாம்லே மாட்டுனேன். சிவப்பு வண்டிக்கு."

எனக்கு விளங்க நேரம் பிடித்தது. விளங்கியதும் உட்கார இடம் தேடினேன். அவர் டயர் ஒன்றைக் காலால் தள்ளிவிட்டார்.

பந்தயம் நடந்த அன்று காலையில் சிவப்பு வண்டியின் செயின் தேய்ந்து போயிருந்ததாம். இவர்களிடம் வேறு இல்லை. இதைக் கேள்விப்பட்டு நீல வண்டிக்காரர் தானே நடந்து வந்து, தன்னுடைய புதுச் செயினைக் கொடுத்திருக்கிறார். "ஒத்தையில ஓடி ஜெயிக்கிறதுக்கு நான் எதுக்கு இங்க வரணும்" என்றாராம். வண்டிகளை வரிசையில் நிறுத்தக் கூப்பிட்டுவிட்டார்கள். அவசரத்தில் இவர் லாக்கை மாற்றி மாட்டியிருக்கிறார். கடைசிச் சுற்றில் அது தெறித்து, செயின் கழன்றது. வண்டி உருளவில்லை, சும்மா நின்றுபோனது. சிவப்பு வண்டிக்காரர் தள்ளிக்கொண்டே வந்து சேர்ந்து, இவர் தோளில் கையைப் போட்டு, டீ குடிக்கக் கூட்டிப்போயிருக்கிறார். நடந்தது இவ்வளவுதான். கடனாகக் கொடுத்த ஒரு செயினை, படம் எடுத்தவர்கள் லஞ்சமாக்கிவிட்டார்கள். அவர் சொல்லி முடித்ததும் எனக்கு அருவருப்பாக இருந்தது. படத்தை நினைத்துத்தான் என்று முதலில் எண்ணினேன். படம் பாதிதான், மீதி நான்.

"அண்ணாச்சி, என்னத்துக்கு வாயத் தொறக்காம இருந்தீக? நான் எழுதுனதையும் படிச்சீகல்ல?"

"படிச்சேன். நல்லாத்தான் எழுதியிருந்த. செயினால கட்டுனா முடிச்சு நிக்காதுலே, அது மட்டுந்தான் தப்பு."

நான் தலையைக் குனிந்தேன். குரூப்பில் எல்லோருக்கும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் தப்பே செய்யவில்லை என்று எழுதிவிடுகிறேன் என்றேன். அப்போதுதான் அவருக்குக் கோபம் வந்தது. "தப்புப் பண்ணலைன்னு எழுதாத. தப்புப் பண்ணேன். துரோகம் பண்ணல. ரெண்டுக்கும் நடுவுல எம்புட்டுத் தூரம் இருக்கு, அது தெரியாதவனுகதான் படம் எடுத்திருக்கானுக. எழுதுனா லாக்கத் திருப்பி மாட்டுனவன்னு எழுது. செயினக் குடுத்த மனுசன் கவர் குடுத்தாருன்னு காட்டிட்டானுக பாரு, அத மொதல்ல எழுது."

எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். எழுதவில்லை. அச்சகத்தில் சீசன் என்று மனைவியிடம் சொன்னேன், கண் வலி என்று மகளிடம் சொன்னேன். உண்மை என்னவென்றால், எழுதினால் அத்தனை கைதட்டலுக்கும் கீழே 'நான்தான் முட்டாள்' என்று போட வேண்டும். முட்டாள் என்பது எனக்குப் புதிதல்ல. கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொள்வதுதான் கஷ்டமாக இருந்தது.

தீபாவளிக்கு முந்தின வாரம் எங்கிருந்தோ ஒரு பழைய போட்டோ சுற்றி வந்தது. சிவப்பு வண்டி, பக்கத்தில் குத்துக்காலிட்டு ஸ்பேனரோடு ஓர் இளைஞர். முகத்தைச் சுற்றி வட்டம் போட்டு, 'இவன்தான் அந்தத் துரோகி' என்று எழுதியிருந்தது. கீழே வந்திருந்த வார்த்தைகளை எழுத எனக்குக் கை கூசுகிறது, என்னுடையது அவற்றுக்குப் பாட்டன் என்றாலும். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. அண்ணாச்சியிடம் ஓடிப்போய்ப் போனைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "அப்ப முடி நெறைய இருந்திருக்குலே" என்றார். பிறகு, "எழுதிட்டியா?" என்று கேட்டார். காலண்டர் லோடு முடியட்டும் என்றேன். சரி என்றார். அதுதான் நான் அவரிடம் கடைசியாகப் பேசியது.

சாவு வீட்டுக்கு வந்தவர்களில் பலர் இதைப் படிப்பீர்கள். வீட்டுக்குள் போக ஒர்க்‌ஷாப் வாசலைக் கடக்க வேண்டும். யாரும் சொல்லவில்லை, ஆனாலும் வந்தவர்கள் ஒவ்வொருவராக அந்தச் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போனார்கள். மாலை கொண்டுவந்தவர்கள் மாலையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு தொட்டார்கள். மாரிக்கனி இரண்டு தடவை தொட்டான்.

ஒருவர் மட்டும் தொடவில்லை. யார் வீட்டு உறவோ தெரியாது. ஒர்க்‌ஷாப் சுவரில் சாய்ந்து சிகரெட் பிடித்தபடி பக்கத்து ஆளிடம், "படத்துல வர்ற மெக்கானிக்கு இவருதானாமே. செயின அறுத்துவிட்டவரு" என்றார். அவர் வாயிலிருந்து வந்தது அத்தனையும் நான் எழுதிக் கொடுத்த மாதிரியே இருந்தது. எனக்கு அவரைப் பார்க்க அருவருப்பாக இருந்தது. என் விசிலைக் காது கொடுத்துக் கேட்பது போல இருந்தது.

கிட்டப் போனேன். "மொதல்ல அத ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் அணைச்சிட்டு வாங்க. உள்ள பெட்ரோல் இருக்கு" என்றேன். முறைத்துக்கொண்டே போய், வேப்பமரத்தடியில் அணைத்துவிட்டு வந்தார். "இவரு செயின அறுக்கல. லாக்கத் திருப்பி மாட்டுனாரு. அவசரத்துல. அந்தச் செயினு எதிராளி மனசாரக் குடுத்தது. படத்துல காட்டுனது பொய்யி. அத உண்மைன்னு ஊரெல்லாம் எழுதுனவன் நான்." நாற்பது பேர் நின்றார்கள். நடுவில் விக்கல் வேறு வந்தது. ஆனாலும் சொல்லி முடித்தேன். ஆறு மாதமாக முடியாதது அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது. கேட்க வேண்டியவர் காதில் பஞ்சு வைத்திருந்தார்கள்.

ஆகவே, அவரைத் தெரிந்தவர்களே, இதை எழுத்திலும் வாங்கிக்கொள்ளுங்கள். நீல வண்டிக்காரர் கவர் கொடுக்கவில்லை, செயின் கொடுத்தார். குருசாமி அண்ணாச்சி லாக்கைத் திருப்பி மாட்டினார். அதைச் சாகும்வரை தன் தப்பு என்றே சொன்னார். நாய் என்று எழுதியவன் நான்.

செயின் மாட்டிய அன்று என் வண்டியிலிருந்து கழற்றிய பழைய லாக்கை அவர் என் சட்டைப் பையில் போட்டுவிட்டிருந்தார். வீட்டில் துவைக்கும்போதுதான் கிடைத்தது. இப்போது வண்டிச் சாவியோடு கோத்து வைத்திருக்கிறேன். நகத்தளவுதான் இருக்கும். தினமும் காலையில் வண்டியை எடுக்குமுன் அதன் வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று ஒரு தரம் பார்த்துக்கொள்கிறேன். பிறகுதான் என் வாயைத் திறக்கிறேன்.